பனிக்காலம் தாண்டும் மாடுகள்

லோட்ஷென்டால் பள்ளத்தாக்கில் விலர் கிராமம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வெயிலில் கருத்த மரவீடுகள், சன்னலோரத்தில் சிவப்பு ஜெரேனியம், ஒரே அளவில் வெட்டி அடுக்கிய விறகு, கழுத்தில் மணி கட்டிய மாடு. நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய சுவிட்சர்லாந்து. விலரைத் தாண்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு மலைச்சரிவு பள்ளத்தாக்கின் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. பிளாட்டன் என்ற ஊர் அதற்கு அடியில் இருக்கிறது.

2025 மே 28 பிற்பகலில் அது நடந்தது. ஊருக்கு மேலே பிர்ச் பனியாறு. அதற்கும் மேலே சிறிய நெஸ்ட்ஹார்ன் சிகரம். சிகரத்திலிருந்து பாறைகள் நாள்கணக்கில் உதிர்ந்து பனியாற்றின் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் சுமை தாங்காமல் பனியாறு மொத்தமாகக் கழன்று இறங்கியது. ஊரின் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்குள் போயிற்று. லோன்ஸா ஆறு அடைபட்டுத் தேங்கி, தப்பிய வீடுகளையும் முழுக வைத்தது. ஆனால் ஊரில் அப்போது ஆளே இல்லை. மே 19ஆம் தேதியே சுமார் 300 பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆடு மாடுகளும் வளர்ப்பு முயல்களும்கூட இறங்கிவிட்டன. நடக்க முடியாத பசு ஒன்றை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். வெளியேற்றிய பகுதிக்கு வெளியே இருந்த ஒருவர் மட்டும் இறந்தார்.

எங்கள் வழிகாட்டி இந்த மேல் வாலிஸ் பகுதியிலேயே பிறந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். கோடையில் எங்களைப் போன்றவர்களை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போகிறார்; குளிர்காலத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார். லவுக்கர்ன்ஆல்ப் மேட்டில் எங்களை உட்கார வைத்து அந்தச் சரிவைக் காட்டியபோது பனியாற்றைப் பற்றியோ புவி வெப்பமாவதைப் பற்றியோ அவர் பேசவில்லை. மாடுகளைப் பற்றித்தான் பேசினார். ஒரு ஊரின் மாடுகளை அடுத்த ஊர்த் தொழுவங்களில் கட்டுவது இங்கே சின்ன விஷயமில்லையாம். ஒவ்வொரு தொழுவத்திலும் எத்தனை மாட்டுக்கு உலர்புல் இருக்கிறதோ அத்தனை மாடுதான் நிற்கும். கூடுதலாக ஒன்று வந்தால் கணக்கு இடிக்கும். “கணக்கு” என்ற சொல்லை அவர் அன்று பல தடவை சொன்னார். அது எவ்வளவு பழைய கணக்கு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

ஆல்ப்ஸ் கிராமத்தை இயற்கையின் கொடை என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். நடக்க நடக்க அந்த எண்ணம் கரைந்துபோகிறது. இந்தப் பசும்புல் தானாக முளைத்ததல்ல. யார் எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், யார் எடுக்கவே கூடாது என்று பல நூற்றாண்டுகளாக எழுதியும் செதுக்கியும் வைத்த ஏற்பாட்டின் மேல் முளைத்த புல் அது.

கிப்பெல் ஊரின் அருங்காட்சியகத்தில் ஷெக்கெட்டா முகமூடிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆர்வே பைன் மரத்தில் செதுக்கிய கோணல் வாய்கள். பற்கள் நிஜ மாட்டுப்பற்கள். பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வரை, ஆட்டுத்தோலைப் போர்த்தி இடுப்பில் மாட்டுமணி கட்டிய உருவங்கள் தெருவில் திரியும். அகப்பட்டவர் முகத்தில் பனியைத் தேய்க்கும். முன்பு மணமாகாத ஆண்களுக்கு மட்டுமே அந்த உரிமை. இதே ஊரில் ஜூன் மாதத் திருவிழாவில் வேறொரு ஊர்வலம் உண்டு. சிவப்பு அங்கி, வெள்ளைக் கால்சட்டை, உயர்ந்த கரடித்தோல் தொப்பி அணிந்து ‘கடவுளின் சிப்பாய்கள்’ அணிவகுத்து வருவார்கள். அந்நிய மன்னர்களின் படைகளில் கூலிக்குச் சண்டை போட்டுத் திரும்பியவர்கள் கொண்டுவந்த சீருடையின் வழித்தோன்றல் அது. நிலம் போதவில்லை என்றால் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் நேப்பிள்ஸுக்கும் பிரான்ஸுக்கும் போனான். 19ஆம் நூற்றாண்டில் மேல் வாலிஸ் குடும்பங்கள் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத்துக்குப் போய் சான் ஜெரோனிமோ என்ற ஊரையே உண்டாக்கின. இன்று ஏழை நாட்டார் வேலை தேடி வரும் நாடு, அன்று ஆட்களை ஏற்றுமதி செய்த நாடு. முகமூடிகளைவிட அந்தச் சீருடைகள்தான் எனக்கு அச்சம் தந்தன.

1930களின் தொடக்கத்தில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார். சொத்தைப் பல் அரிது. ரை ரொட்டி, கோடைப் புல் தின்ற மாட்டின் வெண்ணெய், பாலாடைக்கட்டி. அவ்வளவுதான் அவர்கள் உணவு. 1939இல் வந்த அவருடைய நூல் இன்றைக்கும் இயற்கை உணவுக்காரர்களிடையே வேதம் மாதிரிச் சுற்றுகிறது. வழிகாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த ரொட்டி ஊர்ப்பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவைதான் சுடப்படும். பிறகு மாதக்கணக்கில் பரணில் கிடக்கும். அதை நறுக்கவே தனிக் கத்திப் பலகை வைத்திருந்தார்கள். “அதைக் கடித்த பிறகும் மிஞ்சிய பல்லைத்தான் அந்த மருத்துவர் பார்த்திருப்பார்” என்றார்.

லோட்ஷென்டாலை விட்டு ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தெற்கு நோக்கிய சரிவுக்கு வந்ததும் நிலம் மாறிவிடுகிறது. பச்சை போய் மஞ்சள். காலடியில் பல்லிகள் ஓடுகின்றன. வறண்ட புல்லின் வாசனை. வடக்கிலும் தெற்கிலும் 4,000 மீட்டர் மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால் சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட பகுதி இதுதான். ஸ்டால்டன் பக்கம் ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவில்தான். ராமநாதபுரத்தில் இதைவிட அதிகம் பெய்கிறது. தலைக்கு மேலே பனிமலை, காலுக்குக் கீழே ஆறு, நடுவில் தாகமெடுத்த வயல்.

இந்த ஊர்க்காரர்கள் அதற்குக் கண்ட வழி வாய்க்கால். சுவோனென் என்கிறார்கள், பிரெஞ்சு பேசும் கீழ் வாலிஸில் பிஸ். பக்கத்துப் பள்ளத்தாக்கின் தலைப்பில், பனியாறு உருகும் இடத்தில் தண்ணீரைத் திருப்பி, மலை விளிம்போடு கிலோமீட்டர் கணக்கில் நடத்திக்கொண்டு வந்து தங்கள் ஊர்ப் புல்வெளியில் விடுவது. அவுசர்பெர்க் ஊரிலிருந்து பால்ட்ஷீடர்டால் பிளவுக்குள் போகும் நீவெர்ஹ் வாய்க்காலின் ஓரமாக நடந்தோம். 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடும் வாய்க்கால். ஒரு பக்கம் முழங்கால் அகலத்தில் தண்ணீர்; அடுத்த பக்கம் ஒன்றுமே இல்லை, பல நூறு அடி ஆழத்தில் பள்ளம். கால் வைக்க ஒரு பலகை. மண் வாய்க்கால் வெட்ட முடியாத செங்குத்துப் பாறையில், துளையிட்டு மர முளை அடித்து, அதன்மேல் குடைந்த மரத்தொட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளை மாற்றக் கயிற்றில் இறங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதைப் பாதையோரச் சிலுவைகளிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இல்லை, கழுநீர் நிறம். பனியாறு பாறையை அரைத்த மாவு அதில் கலந்திருக்கிறது. வரப்புக்கு வந்து சேர்வதற்குள் வெயிலில் கொஞ்சம் சூடேறும். கொண்டுவந்த வண்டலே நிலத்துக்கு உரம்.

வாய்க்காலைவிட அதன் காவல் முறையில்தான் எனக்கு ஈர்ப்பு. சில இடங்களில் தண்ணீர்ச் சுத்தியல் என்ற ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ஓடும் நீர் சிறு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மரச் சுத்தியலைத் தூக்கிப் பலகையில் போடும். டொக், டொக் என்று இரவும் பகலும் ஒலி. கேட்டுக்கொண்டே இருக்கும்வரை நீர்க்கட்டி தூங்கலாம். ஒலி நின்றால் எங்கோ உடைப்பு; விளக்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். சத்தம் வந்தால் விழிக்கிற காவலாளிகளை நமக்குத் தெரியும். சத்தம் நின்றால் விழிக்கிறவர் இவர்.

ஊருக்குள் வந்த தண்ணீர் முறை வைத்துப் பங்கிடப்பட்டது. யாருக்கு எத்தனை மணி நேரம், பகலா இரவா என்பது டெஸெல் என்ற மரத்துண்டுகளில் வெட்டுத் தழும்பாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பங்கை விரலால் தடவிச் சொல்லிவிடலாம். மேய்ச்சல் உரிமைக்கும் இதே மரத்துண்டுதான் பத்திரம். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த மரபுவழிப் பாசனத்தைச் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் பொது மரபாகப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தால் பெரும்பாலும் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே அப்படியில்லை. அவுசர்பெர்க்கில் ஒரு பெரியவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தன் புல்வெளியில் தகரத் தகட்டை அழுத்தி மடை மாற்றிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருடைய முறை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்திருக்க வேண்டும்.

ராரோன் ஊரின் பாறைமேட்டுக் கோயிலில் ரில்கேயின் கல்லறை இருக்கிறது. ப்ராகில் பிறந்து ஐரோப்பா முழுக்க வாடகை வீடுகளிலும் நண்பர்களின் மாளிகைகளிலும் வாழ்ந்த கவிஞர். சியேர் நகருக்கு மேலேயுள்ள மூசோ கோபுரத்தில் 1922 பிப்ரவரியில் தன் துயினோ இரங்கற்பாக்களை முடித்தார். 1926 டிசம்பரில் இறக்கும் முன்பே இந்த இடத்தைத் தானே தேர்ந்து, கல்லறை வாசகத்தையும் எழுதிவைத்திருந்தார். ஊர்க் கல்லறைகளோடு சேராமல் கோயிலின் வெளிச்சுவரை ஒட்டித் தனியாகக் கிடக்கிறார். காற்று பலமாக அடிக்கிற இடம். கீழே ரோன் ஆறு, ரயில், தொழிற்கூடங்கள். இங்கே அந்நியருக்கு நிலம் கிடைப்பது எத்தனை கடினம் என்று பின்னால் தெரிந்தபோது, கவிஞர் கெட்டிக்காரர் என்று தோன்றியது. மேய்ச்சல் உரிமை கேட்காத நிலமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறினால் உண்டர்பேக். பனிச்சறுக்கு விடுதிகள் உள்ள சாதாரண ஊர். ஆனால் சுவிட்சர்லாந்தில் பெண்கள் முதலில் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டது இங்கேதான், 1957 மார்ச்சில். குடிமைப் பாதுகாப்புப் பணியைப் பெண்களுக்கும் கட்டாயமாக்கலாமா என்று நாட்டின் ஆண்கள் வாக்களிக்க இருந்தார்கள். பெண்களைப் பற்றிய முடிவைப் பெண்களிடம் கேட்காமல் எடுப்பதா என்று உண்டர்பேக் ஊர்மன்றம் தானாகவே பெண்களையும் வாக்களிக்க அழைத்தது. மேலிடம் எதிர்த்தது. ஊர்த் தலைவரின் மனைவி காதரினா சென்ஹாய்ஸர்ன் முதலில் போனார். மொத்தம் 33 பெண்கள். தனிப் பெட்டியில் விழுந்த அந்த வாக்குகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கூட்டரசுத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை வர 1971 வரை ஆனது. வாக்குரிமைப் போராட்டம் நகரத்துப் படித்த பெண்கள் நடத்தியது என்று வாசித்துப் பழகிய எனக்கு, கத்தோலிக்க மலைக்கிராமம் ஒன்று இதில் முந்திக்கொண்டது வியப்பு. வழிகாட்டிக்கு வியப்பே இல்லை. முடிவு யாரைத் தொடுகிறதோ அவர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது வாய்க்கால் ஊர்களில் புதிதல்ல என்றார். இது கொஞ்சம் ஊர்ப் பெருமை. இதே ஊர்களில் வாய்க்கால் கூட்டத்துக்கு நூற்றாண்டுகளாக ஆண்கள்தான் போனார்கள்.

மோஸ்ஆல்ப் என்ற 2,000 மீட்டர் மேட்டைத் தாண்டி இறங்கினால் டோர்பெல். எனக்கு இந்தப் பயணத்தின் நடுமையம் இந்த ஊர்தான். பார்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுமார் 500 பேர் வாழும் கிராமம். கருத்த லார்ச் மரத் தானியக் கொட்டில்கள் குட்டையான தூண்களில் நிற்கின்றன. தூணுக்கும் கொட்டிலுக்கும் நடுவே ஆட்டுக்கல் அகலத்தில் தட்டைக் கல். எலி தூணில் ஏறலாம். கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்க முடியாது. ஒரே கொட்டிலுக்கு நாலைந்து கதவுகள், நாலைந்து பூட்டுகள். மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சொத்தைப் பிரிப்பது இங்கே வழக்கம். பிரித்துப் பிரித்து, ஒருவருக்குக் கொட்டிலில் கால் பங்கு, தொழுவத்தில் எட்டில் ஒன்று, கைக்குட்டை அகலத்தில் பத்திடத்தில் புல்வெளி என்று ஆகிவிட்டது.

தனி நிலத்தை இப்படித் துணுக்குகளாக்கியவர்கள் மேட்டு மேய்ச்சலையும் காட்டையும் வாய்க்காலையும் பிரிக்கவே இல்லை. அவை ஊர்ப்பொது. 1483இல் ஊர்க்காரர்கள் கூடி அவற்றை ஆளச் சங்கம் அமைத்துப் பத்திரம் எழுதினார்கள். 1517ஆம் ஆண்டு விதி ஒன்றுதான் இந்த ஊரைப் பொருளாதார நூல்களில் ஏற்றியது. குளிர்காலம் முழுக்கத் தன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் அபராதம். மீறியவரைப் பிடித்த ஊர் அதிகாரிக்கு அந்த அபராதத்தில் பாதி.

இந்த விதியின் சாமர்த்தியத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மலை மேலே எவ்வளவு புல் இருக்கிறது என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. பணக்காரன் வசந்தத்தில் சந்தையிலிருந்து மாடு வாங்கிக் கொண்டுவந்து, ஊர்ப்புல்லில் கொழுக்கவைத்து, இலையுதிர்காலத்தில் விற்றுவிட முடியாது. உலர்புல் ஊருக்குள் விளைந்தது. அதன் அளவு எல்லோருக்கும் தெரியும். பனிக்காலத்தைத் தாண்டிய மாட்டையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மேலே போன மாடுகளின் பாலை எல்லாம் ஒன்றாகக் கறந்து பாலாடைக்கட்டி செய்து, பருவ முடிவில் அவரவர் மாட்டின் கறவைக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டார்கள். ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் 1970களில் இங்கே தங்கி, கோயில் பதிவேடுகளையும் பத்திரங்களையும் புரட்டி 1981இல் ஒரு நூல் எழுதினார். பொது நிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள், அதைத் தனியாருக்கோ அரசுக்கோ கொடுத்துவிடுவதே வழி என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதியதை உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் தன் நூலில் அதற்கு மறுப்பாக முதலில் எடுத்துவைத்த ஊர்களில் ஒன்று டோர்பெல். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது. பொருளாதாரத்துக்கான அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்.

ஆஸ்ட்ரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1517 விதியைச் சொல்வார்கள். 1483 பத்திரத்தில் உள்ள இன்னொரு விதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. வெளியாள் ஒருவர் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும், குடியிருந்தாலும், ஊரின் மேய்ச்சலிலோ காட்டிலோ அவருக்குப் பங்கு கிடையாது. ஊர்க்குடி என்ற தகுதி தந்தை வழியில் வருவது. வெளியாளுக்குக் கொடுப்பதானால் ஊர் வாக்களித்துக் கொடுக்க வேண்டும். பொதுச்சொத்து பிழைத்தது நல்ல மனத்தால் மட்டுமல்ல. கதவைச் சாத்தி வைத்ததாலும் பிழைத்தது. இதை நான் கொஞ்சம் சூடாகவே வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சாத்தாத கதவுக்குள் 500 வருடம் புல் மிஞ்சுமா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். கேள்வி நியாயமானது. பதில் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டால்டனில் விஸ்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சாஸ் பள்ளத்தாக்குக்கு, இன்னொன்று செர்மாட்டுக்கு. நடுவில் உயரத்தில் கிரேகன். இங்கே 1499இல் பிறந்த தாமஸ் பிளாட்டர் ஆறு வயதில் ஆடு மேய்க்கப் போனவர். பாறை இடுக்குகளில் விழுந்து பிழைத்து, படிக்கவென்று ஜெர்மனி முழுக்கப் பிச்சையெடுத்துத் திரிந்து, பாசலில் கயிறு திரித்துக்கொண்டே எபிரேயம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் அச்சகம் வைத்தார். கால்வினின் தலையாய நூல் 1536இல் முதலில் அச்சானது அவர் பங்காளியாக இருந்த அச்சகத்தில். முதுமையில் தன் கதையைத் தானே எழுதினார். ஆடு மேய்த்த சிறுவனின் கால் வெடிப்பும் பசியும் அதில் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் அரசர்களும் துறவிகளும் எழுதினார்கள். இடையர்கள் எழுதுவது அபூர்வம். கிரேகன் முழுக்கக் கத்தோலிக்க ஊர், பிளாட்டர் புராட்டஸ்டன்ட். இன்று அவர் பெயரை ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். 400 வருடம் போனால் மதம் மாறியவனும் மண்ணின் மைந்தன்தான்.

கிரேகனிலிருந்து செர்மாட் வரை மலையின் நெஞ்சு உயரத்தில் ஓடுகிறது ஐரோப்பா பாதை. 1997இல் திறந்தது. திறந்த நாளிலிருந்து அதை மலை விட்டுவைக்கவில்லை. உயரத்துப் பாறைகளைப் பசைபோலப் பிடித்திருந்த உறைமண் இளகுகிறது, கல் உதிர்கிறது, பாதையை மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள். ராண்டாவுக்கு மேலே கல்மழை பெய்யும் ஓடையைத் தாண்ட 2017இல் 494 மீட்டர் நீளத் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். கம்பி வலைத் தரை. காலடியில் 85 மீட்டர் வெறுமை. கூட வந்த இருவர் கண்ணை எதிர்க்கரையில் ஊன்றிக்கொண்டு கடந்தார்கள். நான் கீழே பார்த்தேன், ரசிக்கவில்லை.

அங்கிருந்து 1991 ராண்டா சரிவின் வடு தெரிகிறது. ஏப்ரலிலும் மே மாதத்திலுமாகச் சுமார் 3 கோடி கனமீட்டர் பாறை விழுந்து ஆற்றையும் சாலையையும் ரயில்பாதையையும் அடைத்தது. ஆள் யாரும் சாகவில்லை. இதே ராண்டாவில் 1819இல் பனிச்சரிவு ஒன்று கிளப்பிய காற்றே வீடுகளைப் பிய்த்தெறிந்தது. சாஸ் பக்கத்து மாட்மார்க்கில் 1965 ஆகஸ்ட் 30 அன்று அணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் குடியிருப்பின் மேல் அலாலின் பனியாறு உடைந்து விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் இத்தாலியர்கள், கூலிக்கு வந்தவர்கள். குடியிருப்பைப் பனியாற்றின் வாய்க்கு நேர் கீழே அமைத்திருந்தார்கள். வழக்கில் எல்லோரும் விடுதலை. மேல்முறையீடு செய்த குடும்பங்கள் மீது நீதிமன்றச் செலவில் பாதி சுமத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பனியாற்றை அண்ணாந்து பார்த்து வீடு கட்டும் இடத்தைத் தீர்மானித்த பள்ளத்தாக்கு இது. அந்த அறிவு வெளியாளின் கொட்டகைக்குச் செலவிடப்படவில்லை. பிளாட்டனில் பசுவுக்கு ஹெலிகாப்டர் வந்ததை நினைத்துக்கொண்டேன். அறுபது ஆண்டு இடைவெளி, அவ்வளவு தூரமும் அந்த இடைவெளியில் கடக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்லலாம்.

செர்மாட்டை வேகமாகத் தாண்டிவிடலாம். கடிகாரக் கடைகள், மின்சார வண்டிகள், எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே கோணத்தில் கைபேசியைத் தூக்கும் கூட்டம். மாட்டர்ஹார்ன் அழகுதான், அதை மறுப்பது வீம்பு. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் குழு உச்சியை அடைந்து இறங்குகையில் கயிறு அறுந்து நால்வர் விழுந்தார்கள். அறுந்த கயிற்றின் மிச்சத்தை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். விரல் கனம்கூட இல்லை. அந்த விபத்துதான் ஊரை உலகத்துக்கு அறிமுகம் செய்தது. வந்த கூட்டத்துக்குப் படுக்கை போட்டவர் அலெக்சாண்டர் சைலர். அவரும் வாலிஸ்காரர்தான், ஆனால் இந்த ஊர்க்காரர் அல்ல. மேலே கோம்ஸ் பகுதியில் பிறந்தவர். விடுதி மேல் விடுதியாகக் கட்டி ஊரைப் பணக்கார ஊராக்கினார். பிறகு 1871இல் ஊர்க்குடி உரிமை கேட்டார். கொடுத்தால் காட்டு மரத்திலும் மேய்ச்சலிலும் பங்கு கொடுக்க வேண்டும். ஊர் மறுத்தது. வழக்கு மேலிடம் வரை ஏறி இறங்கி 1889இல்தான் அவர் ஊர்க்குடியானார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். இன்று செர்மாட்டின் ஊர்க்குடிச் சங்கம் தானே பல விடுதிகளுக்குச் சொந்தக்காரர்; புல்லிலிருந்து படுக்கை எண்ணிக்கைக்குக் கணக்கு மாறியிருக்கிறது.

நாங்கள் தங்கிய விடுதியின் சமையற்கட்டிலிருந்து இரவு கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. ஈழத்தமிழர் இல்லாத சுவிஸ் சமையற்கட்டு அரிது என்று கேள்விப்பட்டிருந்தேன். 1983க்குப் பிறகு வந்தவர்கள். இன்று ஐம்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். விருந்தினருக்குப் பரிமாறி முடித்து, தங்களுக்கென்று சோறு வடித்துக்கொண்டிருந்தார் தலைநரைத்த ஒருவர்.

“இந்தியாவிலயிருந்தோ வாறியள், தம்பி?”

“ஆமாண்ணே. மதுரைப் பக்கம்.”

“இஞ்ச வந்து இருங்கோ. பருப்பும் சம்பலும்தான்.”

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் பிறந்தவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். 1987இல் வந்திருக்கிறார். பிள்ளைகள் பெர்னில். குடியுரிமை கிடைத்துவிட்டது, அதற்கு ஊர்க்காரர் முன்னால் போய் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஊர்க்குடிச் சங்கத்தில் இடம் கேட்டீர்களா என்றேன். “அதென்னத்துக்கு? என்னட்ட மாடும் இல்ல, ஹோட்டலும் இல்ல” என்றார்.

வழிகாட்டி தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஊரில் நெல்லுக்குத் தண்ணீர் எப்படி என்று அவர்தான் ஆரம்பித்தார். அண்ணர் அடுப்பை அணைத்துவிட்டு விளக்கினார். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஏற்ற ஏக்கர்தான் அந்த முறை விதைக்கலாம். காணி முழுக்க விதைக்க யாருக்கும் விடமாட்டார்கள். தண்ணீரைத் திறந்து முறைப்படி விட வட்டவிதானை இருப்பார்.

இதை அவர் என்னிடம் தமிழில் சொன்னது பாதி. மிச்சத்தை வழிகாட்டியிடம் வாலிஸ் பேச்சிலேயே சொன்னார். பெர்ன்காரர்களே திணறும் அந்த மலைப்பேச்சை மனிதர் தொண்டையிலிருந்து அப்படியே எடுத்துவிட்டார். வழிகாட்டி மேசையில் விரலால் கோடு போட்டுக் கேள்வி கேட்கிறார், இவர் உப்புக் குப்பியைக் குளமாக வைத்துப் பதில் சொல்கிறார். நடுநடுவே ‘துருசு’, ‘வட்டவிதானை’ என்ற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. என்ன கேட்கிறார் என்று நடுவில் புகுந்தேன்.

“காணி இல்லாதவனுக்குக் கூட்டத்தில கதைக்க ஏலுமோ எண்டு கேக்கிறார்.”

“ஏலுமா?”

“எங்கட அப்பா குத்தகைக்குத்தான் செய்தவர். கூட்டத்துக்குப் போவார். கடைசி வரியில நிப்பார்” என்று சொல்லிவிட்டு, அதையே வழிகாட்டிக்கு அவர் மொழியில் சொல்லத் திரும்பினார். வழிகாட்டி கேட்டு முடித்ததும், டோர்பெல்லில் என்னிடம் கேட்டதைப்போல் எதிர்க்கேள்வி எதுவும் போடவில்லை. உப்புக் குப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, தண்ணீர் ஓர் அடி குறைந்தால் எந்த வயலை முதலில் விடுவார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.